கருவிக்கு முன்னே திட்டம்: வடார்க்காட்டுக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது உங்கள் மூன்று மாவட்டங்களும் ஒரே மாவட்டமாக இருந்தன; 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்த பிறகும் எங்கள் வயதுக்காரர்கள் வாயில் அது இன்னும் வடார்க்காடுதான். அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டியதை மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே. பள்ளிகளுக்குக் கருவிகளை அனுப்புவதில் நீங்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, அக்கருவிகள் எந்த வகுப்பில், எந்தப் பிள்ளைக்கு, எதற்காகப் பயன்பட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய தலைமை ஆசிரியர்களை வளர்ப்பதில் காட்டுங்கள். அந்த வளர்ப்பைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தோடு இணையுங்கள். இப்போது இவை இரண்டும் இரண்டு கோப்புகளாக, இரண்டு அலமாரிகளில் கிடக்கின்றன.

ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு என் பள்ளியில் நடந்ததையே எழுதுகிறேன். ஒரு நன்கொடையாளர் எங்களுக்குத் தொடுதிரைப் பலகை ஒன்றை, யூ.பி.எஸ். உட்பட, வாங்கித் தந்தார். ஊர்ப் பெரியவர்கள் வந்து குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்கள். அன்று மாலை அந்த அறையைப் பூட்டிச் சாவியை என் பீரோவில் வைத்தேன். உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது, இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளாயிற்றே, தணிக்கைக்கு வந்தால் என்ன சொல்வது என்ற பயம் ஒருபுறம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே தெரியாதது மறுபுறம். சுதந்திர தினத்தன்று பாட்டுப் போட்டோம். ஆண்டு விழாவில் படம் காட்டினோம். இடையில் ஓர் ஆசிரியர் கேட்டால் சாவியைக் கொடுப்பேன். கேட்பதற்குத் தயங்கிக் கேட்பதையே அவர் விட்டுவிட்டார். மறு ஆண்டு கோடை விடுமுறை முடிந்து திறந்து பார்த்தபோது, வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றிப் பார்க்க ஆளில்லாமல் யூ.பி.எஸ். பேட்டரி வற்றிப் போயிருந்தது. உத்தரவாத அட்டையைத் தேடினோம்; கிடைக்கவில்லை. அந்தப் பலகையைத் தந்தவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று பல நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆனால் அந்தத் தவறைச் செய்யாமலிருக்க எனக்கு யாரும் எந்த நாளிலும் கற்றுத்தரவில்லை என்பதும் உண்மை.

அதே ஆண்டில் நான் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் எழுதினேன். முந்திய ஆண்டுத் திட்டத்தை எடுத்து, ஆண்டையும் மாணவர் எண்ணிக்கையையும் மாற்றி, சுற்றுச்சுவர், கழிப்பறை, கூடுதல் வகுப்பறை என்று அதே வரிசையில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். எங்கள் குழுத் தலைவி பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடுமுன் கேட்டார்: “எல்லாம் எழுதியிருக்கீங்க டீச்சர். அஞ்சாவது படிக்கிற எம் பொண்ணு தமிழ் புக்கை எப்போ தானா எடுத்துப் படிப்பான்னு இதுல எங்க எழுதியிருக்கு?” அவர் குறையாகக் கேட்கவில்லை, அப்படி ஒரு பக்கம் இருக்கும், நான் வாசிக்க மறந்துவிட்டேன் என்றே நினைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் இல்லை. அன்று அவரிடம் கையெழுத்து வாங்காமல் தாளை மடித்து வைத்தேன்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு அந்தக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை ஒட்டி வெளியான மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். அதற்குள் ஆண்டுக்கொன்றாக மூன்று உட்திட்டங்கள். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்று நடைமுறையில் கட்டடக் கோரிக்கைப் பட்டியலாகச் சுருங்கிவிட்டதற்குக் காரணம் பெற்றோரின் அறியாமை என்று கூட்டங்களில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் அதற்கு நேர் எதிரானது. கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. அதைத் திட்டமாக மாற்றும் பயிற்சிதான் தலைமை ஆசிரியையான எனக்கு இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்தது மிகச் சிறிய காரியம். ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். வகுப்பில் மூன்றில் ஒரு பங்கினரால் முடியவில்லை. ஆகவே அந்த ஆண்டுத் திட்டத்தின் முதல் வரியாக அதையே எழுதினோம்: இந்தப் பிள்ளைகள் ஜனவரிக்குள் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். அதற்கு என்ன தேவை என்று பிறகுதான் யோசித்தோம். தொடுதிரைப் பலகை தேவைப்படவில்லை. ஒரு பழைய கைப்பேசியும் ஒலிவாங்கி பொருத்திய இயர்போனும் போதுமாக இருந்தன. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிப்பதைப் பதிவு செய்து, அதை அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டினோம். தன் குரலை முதன்முதலாகக் கேட்ட ஒரு சிறுமி, “ஏன் டீச்சர் நான் இவ்ளோ இழுத்து இழுத்துப் படிக்கிறேன்?” என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே அதே பத்தியை மறுபடி வாசித்தாள். இரண்டாம் முறை இழுவை குறைந்தது. மூன்றாம் முறை வாசித்தபோது முற்றுப்புள்ளியில் நின்றாள்.

இந்த ஒரு நிமிடப் பதிவுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டுமென்று வேண்டுகிறேன். அந்தப் பாடவேளையில் மற்றப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்காகக் கால அட்டவணையை மாற்ற வேண்டியிருந்தது. எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரங்களை ஏற்றும் வேலையை ஒரே இளம் ஆசிரியையின் தலையில் கட்டியிருந்ததைப் பிரித்து மூவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிவான குரல்களைக் கேட்டு எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்று குறிக்க, வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் எல்லா ஆசிரியர்களும் உட்கார வேண்டியிருந்தது. அதற்கு அவர்களை இணங்க வைக்க வேண்டியிருந்தது. கல்வித் தொழில்நுட்பத்தில் தலைமைத்துவம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன். பொத்தான்களைப் பற்றிய அறிவு அதில் ஒரு சிறு பகுதி.

இதை நான் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. கல்வியில் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை பெரு நாட்டின் அனுபவத்தை எடுத்துக் காட்டுகிறது. அந்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டும், அவை பாடம் கற்பிக்கும் முறையோடு இணைக்கப்படாததால் பிள்ளைகளின் கற்றல் மேம்படவில்லை. கல்வித் தொழில்நுட்பத் தலைமைக்காக ஐ.எஸ்.டி.இ. என்ற பன்னாட்டு அமைப்பு 2018இல் வகுத்த தரநிலைகளைப் பாருங்கள்: எல்லாப் பிள்ளைக்கும் சமவாய்ப்பைக் காப்பவர், தொலைநோக்கோடு திட்டமிடுபவர், ஆசிரியர்களுக்குத் துணிவும் உரிமையும் தருபவர், ஏற்பாடுகளை வடிவமைப்பவர், தாமும் விடாமல் கற்பவர் என்று தலைவரின் ஐந்து பணிகளை அவை சொல்கின்றன. ஐந்தில் எதுவும் கருவியின் பெயரில் தொடங்கவில்லை. நம் நாட்டிலேயே 2015இல் தொடங்கிய ஷாலா சித்தி என்னும் பள்ளித் தன்மதிப்பீட்டு முறையில் 7 களங்களும் 46 அடிப்படைத் தரங்களும் உள்ளன. பள்ளித் தலைமை அவற்றுள் ஒரு தனிக் களம். ஆனால் அந்தப் படிவத்தையும் நாங்கள் கடைசித் தேதிக்கு முந்திய இரவில் நிரப்பியவர்கள்தாம். அந்த மதிப்பீட்டிலிருந்து மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒரு வரியேனும் போய்ச் சேர்ந்ததா என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

பயிற்சிகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யாரையும் குறைகூறும் எண்ணமில்லை. அந்தப் பயிற்சிகளில் சிலவற்றில் நானும் கருத்தாளராக, அதாவது பயிற்சி தருபவராக, நின்றிருக்கிறேன். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்ல, அவர் வட்டாரக் கருத்தாளருக்குச் சொல்ல, அவர் எங்களுக்குச் சொல்வதற்குள், ஏரி மதகில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும் கதையாகிவிடும். ஒரு கூடத்தில் நெருக்கி உட்கார்ந்த தலைமை ஆசிரியர்கள், திரையில் ஓடும் படவில்லைகள், மதியத்துக்கு மேல் செயலியைத் தரவிறக்கம் செய்து கடவுச்சொல் போடுவதில் போராட்டம், முடிவில் பின்னூட்டப் படிவம். மறுநாள் பள்ளிக்கு வந்தால் சத்துணவு, காலை உணவு, வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம் என்று நாள் ஓடிவிடும். செயலியை எப்படித் திறப்பது என்று கற்றுக்கொண்டு வந்தேன். என் பள்ளிக்கு அது தேவையா என்று தீர்மானிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

எமிஸைப் பற்றியும் ஒரு சொல். அதை வெறுக்கும் ஆசிரியர்களோடு நான் உடன்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வருகையும் மதிப்பெண்ணும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது எங்கள் தலைமுறை கனவிலும் காணாத வசதி. குறை என்னவென்றால், தகவல் எங்களிடமிருந்து மேலே போகிறது. அதைப் படித்துப் பொருள் காணும் பழக்கம் கீழே வரவில்லை. பொய்கை என்ற ஊரில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை கூடும். அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளிகளில் செவ்வாய்தோறும் வருகை குறைகிறதா, குறைந்தால் எந்த வகுப்பில், எந்தத் தெருப் பிள்ளைகள் என்று ஒரு தலைமை ஆசிரியர் தம் பள்ளித் தரவை எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். ஜூனில் அரும்பில் இருந்த எத்தனை பேர் டிசம்பரிலும் அரும்பிலேயே இருக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு பள்ளியின் ஓராண்டுத் திட்டத்தை எழுதிவிடலாம். தரவை ஏற்றுகிறவர்களாக எங்களை நீங்கள் நன்றாகப் பழக்கிவிட்டீர்கள். அதைப் படிக்கிறவர்களாகவும் பழக்குங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் அண்மை ஆண்டுகளில் நம் பகுதி கீழ்வரிசையில் நிற்பது உங்களுக்கு எவ்வளவு நெருக்கடி தருகிறது என்பதை அறிவேன். அதற்காகப் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்புகளும் சிறு தேர்வுகளும் நடக்கின்றன; நடக்கட்டும். ஆனால் அங்கே தோற்கும் பிள்ளை நான்காம், ஐந்தாம் வகுப்பில் வாசிக்க முடியாமல் என் போன்றோரின் பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான். அதைத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் மேம்பாட்டுத் திட்டம்தான் பிடித்து நிறுத்த முடியும்.

ஒரே அச்சில் வார்த்த திட்டம் இங்கே செல்லாது என்பதையும் நினைவூட்டுகிறேன். அணைக்கட்டு வட்டாரத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மலை ஊராட்சிகளில் சிக்னல் விட்டு விட்டு வரும். அங்கே இணையத்தை நம்பிய திட்டம் முதல் வாரத்திலேயே நின்றுவிடும், முன்கூட்டியே தரவிறக்கி வைத்த பாடங்கள் நிற்காது. பேரணாம்பட்டில் உருது வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வழிப் பிள்ளைக்கு உள்ள அளவுக்குக் காணொளிகள் இல்லை. அங்குள்ள ஆசிரியர்கள் தாங்களே பேசிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்குவது தலைமை ஆசிரியரின் முடிவு. மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டி 250க்குள் இருக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கு. மிஞ்சுவதில் பேட்டரி மாற்றவும் கம்பி மாற்றவும் எவ்வளவு ஒதுக்குவது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத பள்ளியில், வந்த கருவி மூன்றாம் ஆண்டில் துணி போர்த்திக்கொள்ளும். என் பள்ளியில் அதற்கு ஓராண்டே போதுமாயிருந்தது.

ஆகவே நான் கேட்பது ஒரு நாள் பயிற்சிக்குப் பதிலாக ஓராண்டுப் பயிற்சி. அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த ஒரு குறுவள மையத்தில் பத்துத் தலைமை ஆசிரியர்கள் போதும். ஜூனில் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் ஒரே ஒரு கற்றல் குறையைக் கண்டுபிடித்துத் தரவோடு வரட்டும். அதைத் திட்டமாக எழுதட்டும். எழுதும்போது கருவி சார்ந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, பயன்படுத்துபவர் யார், பழுதானால் பார்ப்பவர் யார் என்பதும் இருக்கட்டும். அதன் பிறகு அந்தத் திட்டத்துக்குத் தேவைப்படும் செயலியையோ கருவியையோ அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்போது கற்பது மறக்காது. மாதம் ஒருமுறை பத்துப் பேரும் ஒரு பள்ளிக்குப் போய் வகுப்பறையில் அமர்ந்து பார்க்கட்டும். ஆய்வு என்ற பெயரில் போகும் அலுவலரிடம் சொல்ல முடியாததைச் சக தலைமை ஆசிரியரிடம் சொல்ல முடியும். இராணிப்பேட்டை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களும் இதற்குத் துணை நின்றால், புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சிக்குத் தலைமை ஆசிரியரைத் தனியாக அழைக்காதீர்கள் என்பதையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவரோடு ஓர் உதவி ஆசிரியரையும், முடிந்தால் மேலாண்மைக் குழுத் தலைவியையும் அழையுங்கள். பணிமாறுதல் கலந்தாய்வில் தலைமை ஆசிரியர் மாறிப் போனால், அவரோடு கடவுச்சொற்களும் போகின்றன, உத்தரவாத அட்டை எங்கே என்ற நினைவும் போகிறது, திட்டமும் போகிறது. புதிதாக வருபவர் மூன்றாண்டுத் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் முதலிலிருந்து தொடங்குகிறார். பணி ஒப்படைப்பின்போது இருப்புப் பதிவேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் வரி வரியாகச் சரிபார்த்து வாங்குகிறோம். மேம்பாட்டுத் திட்டத்தையும் அதில் எதுவரை வந்தோம் என்பதையும் அதே ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும்.

பிள்ளைகளின் விவரங்களைக் காப்பது பற்றியும் இப்பயிற்சியில் இடம் வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குழுவில் வகுப்புப் பிள்ளைகளின் ஆதார் எண்களும் பெற்றோர் கைப்பேசி எண்களும் அடங்கிய பட்டியலை அவசரமென்று கேட்டு, அவசரமென்று நாங்களும் படமெடுத்துப் போட்ட நாட்கள் உண்டு. அதில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் என்னும் கூடுதல் காப்பைச் சொல்கிறது. எமிஸில் ஏற்கெனவே உள்ள விவரத்தை வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்பதில்லை என்று உங்கள் அலுவலகங்கள் முடிவு செய்தால், பிள்ளைகளின் விவரமும் காக்கப்படும், ஆசிரியரின் நேரமும் மிஞ்சும்.

மூன்று மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. வேலூர் மாவட்டத்தில் ஏழு வட்டாரங்கள் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில், ஒரு குறுவள மையத்தில், வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தொடங்குங்கள். குடியாத்தத்தில் தொடங்குவதாயின் நான் மதிப்பூதியம் எதுவும் வாங்காமல் மாதந்தோறும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கள்தோறும் எந்தச் சொல்லில் நின்றார்கள், எந்த வாரத்தில் அதைக் கடந்தார்கள் என்று நாங்கள் எழுதிவந்த நாற்பது பக்க நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களை மறைத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர்,
குடியாத்தம் வட்டாரம், வேலூர் மாவட்டம்